முதுகில் விட்ட பட்டை

மாசேருவில் மின்சாரம் போய்ப்போய் வந்த இரவு.
எந்திரம் மறுபடி கண் திறக்க நாற்பது நிமிடம்.
மொட்லாட்சி, நீ போய்த் தூங்கு என்றார்கள்.
என் கையில் லிபுசெங்கின் குழாய்.
தூக்கம் எங்கிருந்து வரும்?

பதினொரு வருடமாய் அவளுக்குள் எச்.ஐ.வி.
பதினொரு வருடமாய் ஒரு மாத்திரை இல்லை.
வேண்டாம் என்றது அவள்தான், நாங்கள் இல்லை.
ஒவ்வொரு முறையும் வைரஸ்
கணக்கில் வராத அளவு.

என் அண்ணன் ஐந்தாம் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

திரையில் புள்ளிகள் சேர்கின்றன.
மஞ்சளாய்த் தெரிவது டிசிஎஃப்-1:
செல்லின் கருவுக்குள் டிஎன்ஏ மேல் குந்திக்கொண்டு
இந்த மரபணுவை வாசி,
இதை இப்போது திறக்காதே
என்று சொல்லும் புரதம்.
அது உள்ள செல்லும் கொல்லப் பிறந்ததுதான்;
ஆனால் கையிருப்பைக் கொட்டித் தீர்க்காது.
பிரியும்போது ஒன்று சண்டைக்குப் போகும்,
ஒன்று இளமை கெடாமல் பின்தங்கும்.
அது இல்லாத செல்
எதிரியைப் பார்த்துப் பார்த்தே சலித்து
ஆயுதம் இருந்தும் அடிக்கத் தெம்பில்லாமல் நிற்கும்.

அண்ணன் ரத்தத்தை யாரும் இப்படிப் பார்த்ததில்லை.
ஊகிக்கிறேன். அவ்வளவுதான்.

காலையில் அவளிடம் சொன்னேன்.
எங்கள் மொழியில் இதற்குப் பெயர் இல்லை,
சுற்றி வளைத்தேன்.
போர்வையை இழுத்துக்கொண்டு கேட்டாள்.
மலையில் அங்கோரா ஆடுகளுக்கு மயிர் கத்தரிப்பவள்.

"முதுகில் ஒரு பட்டை விடுவோம்," என்றாள்,
"முழுக்க மழித்தால் ஒரு ராத்திரி மழைக்கே விறைத்துவிடும்.
வியாபாரி அந்தப் பட்டையையும் கேட்பான்.
கொடுக்க மாட்டோம்."

பிறகு:
"எனக்குள் அதை விட்டு வைப்பது யார்?"

புரதம் என்றேன்.
"அந்தப் புரதத்துக்குச் சொல்வது யார்?"

தெரியாது என்றேன்.
இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது:
போன வருடத்தைவிட மஞ்சள் குறைவு.
வைரஸ், முதல் முறையாக,
ஒரு எண்ணாக வந்திருக்கிறது.

"கத்தரிப்பு முடியட்டுமே."

முடியும்வரை குளிர் காத்திருக்குமா என்றேன்.

நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தாள்.
மாத்திரைப் புட்டியை வாங்கி
காதருகே ஆட்டிப் பார்த்தாள். கலகலவென்றது.
மொகோட்லொங் பேருந்தில்
பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்களோ.
பையிலிருந்து ஒரு பிடி மயிர் எடுத்து
வாய்வரை திணித்து
மூடினாள்.

மறுபடி ஆட்டினாள்.
சத்தமில்லை.