டோல் ரசீது

சமையலறை மேசையில் பரப்பிக் கிடப்பவை
க்ளென்வில்லின் டோல் ரசீதுகள்.
வூஸ்டரில் தாளுக்குப் பஞ்சமில்லை;
பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று
எனக்கொரு கஞ்சத்தனம்.

முதல் ரசீதில் மாண்டகு.
இரண்டில் பாரிடேல், காபி மட்டும்.
மூன்றில் லேடிஸ்மித்: பெட்ரோல்,
அடிக்கோடு, அதன் கீழே இன்னொரு அடிக்கோடு.
நான்கில் ஏழு வாரக் கணவாய்.
ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால்
ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.
பழ ஆலை எனக்குக் கொடுத்த விடுப்பு
நான்கே நாள்.

தம்பி டெர்வின் தன் கரோலாவைத் தருகிறான்.
மனசாரத் தரவில்லை.
"மண் ரோட்டில் நாற்பதைத் தாண்டாதே அக்கா,
அடியில் கல் தட்டினால்
என் வயிற்றில் தட்டும்."

கரி ஒரு மூட்டை. சுருள் சாசேஜ். தக்காளி.
செப்டம்பர் என்றாலும் கம்பளி.
ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா, பார்.
ஐஸ்பெட்டி பின்சீட்டில்.
பிரின்ஸ் ஆல்பர்ட்டில் ஓர் இரவு,
அத்திமரம் நிற்கும் ஒரு வீட்டில்
அறை சொல்லியாகிவிட்டது.
விடிந்ததும் கறுப்பு மலை ஏறி
அந்தப் பக்கம் இறங்குகிறோம்.

இந்த இடம்வரை அவன் வாயே திறக்கவில்லை.
தினம் இரண்டு நடை கேப் டவுனுக்கு,
நடைக்குப் பதினைந்து பேர்,
பதினாறு வருடம்.
"லீவிலும் ஸ்டியரிங்கா?" என்பான் என்று
பதிலைக் கூர் தீட்டி வைத்திருந்தேன்.
அவன் கேட்டது வேறு.
"அந்த ரோட்டுக்கு ஓரம் உண்டா?"

உண்டு. கல்சுவர்.
சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை,
கைதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது,
நூற்று முப்பது வருடத்துக்கு மேலாக நிற்கிறது.
"எவ்வளவு உயரம்?"
மலையா?
"சுவர்."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது,
அட்டவணையில் போட்டிருந்தபடி,
நிமிடம் பிசகாமல்.

இருட்டு கொஞ்சம் இளகிய பிறகு சொன்னான்:
"சுரங்கத்துக்குள் போனால்
கீழே பார்க்க வேண்டியதில்லை, வால்டா."

ஊருக்கும் கேப் டவுனுக்கும் நடுவே ஒரு மலை.
மேலே பழைய பாதை, காசு கேட்காதது.
சில்லறை மிச்சம் என்று
சில டிரைவர்கள் அதில்தான் போவார்கள்.
இவன் ஒருநாளும் போனதில்லை.
அவசரம் என்று நினைத்தேன்.
வருட முடிவில் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்து
ஒரு ஃபிரிட்ஜ் போச்சே என்று கத்தியிருக்கிறேன்.
ஃபிரிட்ஜையே நினைத்திருந்தவள்
ஆளைப் பார்க்கவில்லை.

"அடுக்கினார்களே, அந்தக் கைதிகள்,"
என்றான் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து,
"அவர்களில் ஒருவனுக்காவது
தலை சுற்றியிருக்காதா?
யாரிடம் போய்ச் சொல்லியிருப்பான்?"

எனக்குத் தெரியவில்லை.
நான் ஓட்டுகிறேன் என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது:
மார்ச்சில் லைசென்ஸ் வாங்கியவள் நான்,
அதுவும் மூன்றாவது தடவையில்.
முதல் இரண்டிலும் தோற்றது ஒரே காரணத்துக்கு.
மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது
வண்டி பின்னால் உருண்டது.
அவனுக்கு அது தெரியும்.
இருட்டில் அவன் சிரிப்பது கேட்டது,
அடக்கப் பார்த்து முடியாமல்.

"நான் எங்கே உட்காருவது?"
மலைப் பக்கம்.
"வளைவு திரும்பினால்
மலை அந்தப் பக்கம் போய்விடுமே?"
நீயும் நகர்ந்துகொள்.
"எத்தனை வளைவு?"
எண்ணவில்லை. பொய்தான்,
ஆறாவது ரசீதில் எழுதி வைத்திருக்கிறேன்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
பட்டியலில் ஒன்றை மட்டும் அடித்துத் திருத்தினேன்:
ஐஸ்பெட்டி டிக்கியில்.
பின்சீட் முழுக்கக் காலியாக இருக்கட்டும்.