இணைப்பு பதினேழு

இந்த மாதம் என் மேசைக்கு
முப்பத்தொரு பயணக் கோப்புகள்.
கற்பிக்கவும் சேவை செய்யவும் வெளிநாடு போய்வந்தவர்கள்
ஆளுக்கொரு உறையில்
ஒரு நாட்டை மடித்துத் தந்திருக்கிறார்கள்.

பிரித்து எண்ணுவது என் வேலை.
விமானம், விடுதி, விசா,
கொசுவலை (உண்டு),
குடை (இல்லை: சுற்றறிக்கை, பத்தி நான்கு).
பதினொரு வருடம் ஆகிறது.
என் கடவுச்சீட்டில்
ஜொகூரைத் தாண்டிய பக்கம் இரண்டு.

தாதிமைத் துறை இணைப்பேராசிரியர் நோரைடா
ஐராவதிக் கழிமுகத்தில் மூன்று வாரம்
காயத்துக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொடுத்தார்.
மானியம் மூவாயிரத்து இருநூறு வெள்ளி.
செலவு அதற்கு நாற்பது காசு குறைவு.
இவ்வளவு நெருங்கி வரும் கணக்குகளை
நான் வழக்கமாகச் சந்தேகிப்பேன்.
இவர் ஒரு பஞ்சுப் பொட்டலத்தை
இருமுறை எழுதிவிட்டு
ஒன்றை அடித்து
பக்கத்தில் மன்னிப்பும் கேட்டிருந்தார்.

இணைப்பு பதினேழில்தான் கோளாறு.
பள்ளி நோட்டில் கிழித்த தாள்,
வட்டம் வட்டமாக எழுத்து,
ஓரத்தில் எண்ணெய்க் கறை.
‘படகு, தினமும், போக வர’ என்று அவர் குறிப்பு.
தொகை: பூஜ்யம்.

கணினி பூஜ்யத்தை ஏற்கவில்லை.
சரியான தொகையை உள்ளிடவும் என்றது, சிவப்பில்.
ஒரு காசு என்று போட்டால் ஏற்கும்;
அது பொய்.
வரியை நீக்கிவிட்டால்
அவர் அந்த ஆற்றைக் கடக்கவே இல்லை.

இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் பிடித்தேன் அவரை.
‘ரசீது கேட்டேன், எழுதித் தந்தார்.
காசைத்தான் வாங்க மாட்டேன் என்றார்.
என்ன எழுதினாரோ, எனக்குப் படிக்கத் தெரியாதே.’

நிதிப் பிரிவு யோங் மறுபடி மறுபடி சொன்னார்:
சான்றிட்ட மொழிபெயர்ப்பு வேண்டும்.
பக்கத்துக்கு அறுபது வெள்ளி.
பூஜ்யம் பூஜ்யம்தான் என்று நிரூபிக்க
அறுபது.

வேலை முடிந்து சிட்டி ஹாலில் இறங்கினேன்.
மழை. குடை இல்லை, பத்தி நான்கு.
பெனின்சுலா பிளாசாவின் மாடியில்
பூண்டெண்ணெயும் புளித்த தேயிலையும் மணக்க,
தொலைபேசி அட்டை விற்கும் தஸின்
தாளை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தாள்.
உதடு அசைய ஒரு முறை படித்தாள்.
உதடு அசையாமல் இன்னொரு முறை.

‘இது ரசீது இல்லை, சிஸ்டர்.’

‘பின்னே?’

‘பெயர்கள். ஆறு பேர்.
யார் யாருக்கு எங்கே ஆறாத புண் என்று.
மூன்றாவது ஆள் நடக்க முடியாதவர்,
வகுப்புக்கு வந்திருக்க மாட்டார்.
கடைசிப் பெயர் எழுதினவருடையது.
இடது குதிகால்.
கீழே ஒரு வரி:
அடுத்த முறை மழைக்கு முன்னால் வரவும்.’

அவளும் காசு வாங்கவில்லை.
பத்து வெள்ளிக்கு ஓர் அட்டை வாங்கிக்கொண்டேன்.
அந்தத் தேசத்தில் எனக்கு
அழைக்க ஆளில்லை.

மறுநாள் காலை நோரைடாவிடம் சொன்னேன்.
ஐந்து பெயர்வரை ம், ம் என்று குறித்துக்கொண்டார்.
ஆறாவதற்குப் பேச்சில்லை.
தொடர்பு அறுந்ததோ என்று
இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

‘தினமும் அவர்
முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி நின்றுதான்
என்னைப் படகில் ஏற்றினார்,’ என்றார்.
‘என் காலணி நனையக்கூடாதாம்.’

அவருடைய அறிக்கையைத் திறந்து வைத்திருந்தேன்.
தாக்கம், ஐம்பது சொற்களுக்குள்:
இருபத்துநான்கு பேர் பயிற்சி பெற்றனர்.
சொல் மிச்சம் இருந்தது.

அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்கு
வெள்ளி மாலை ஐந்து மணி கடைசி.
தாளைச் செலவுக் கோப்பிலிருந்து உருவி
அந்தக் கோப்பின் முதல் பக்கமாக வைத்தேன்.
எந்தச் சுற்றறிக்கையும் இதற்கு இடம் தரவில்லை;
தடுக்கவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

திரையில் பதினேழாம் வரி
இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.
யோங் இரண்டு முறை கேட்டுவிட்டார்.