நேவி ப்ளூ ஓடிய வாரம்

என்ன கலர் தைத்தோம் என்று
எங்கள் லைனில் யாரும் நோட்டில் எழுதுவதில்லை.
ராத்திரி எட்டரைக்குக்
குழாயடியில் குனிந்து
சுண்டுவிரலை விட்டுப் பார்த்தால் தெரியும்.
போன வாரம் மெரூன்.
திங்களிலிருந்து நேவி ப்ளூ.
வெள்ளை ஓடுகிற நாளில் மட்டும்
மூக்கு தன் சொந்த நிறத்தில் இருக்கும்.

பஞ்சு என்பார்கள். பஞ்சில்லை அது,
ஓவர்லாக் கத்தி நறுக்கித் துப்பும் துணியின் மயிர்.
வெயில் விழும் சன்னலோரம்
மெல்ல மெல்ல இறங்கும்,
யாரையும் தேடி வராததுபோல.
உள்ளே போய் ஈரத்தில் ஒட்டும்,
ஈரத்தைக் குடிக்கும்,
பொருக்காகக் காய்ந்து ஓரம் உரிந்து நிற்கும்.
பாலத்தின்மேல் பஸ் நிற்கும்போது
கீழே நொய்யலில் பார்ப்பேன்:
வண்டல் வெடித்து, ஓரம் சுருண்டு,
அச்சு அசல்.
அதற்கும் தெரிந்திருக்கும்
திருப்பூரில் போன வாரம் என்ன கலர் என்று.

இதில் ஆடிக் காற்று வேறு.
பாலக்காட்டுக் கணவாயில் நுழையும்போதே
மழையை அந்தப் பக்கம் இறக்கிவைத்துவிட்டு
வெறுங்கையை வீசிக்கொண்டு வரும்
ஒறம்பரை மாதிரி.

வெளிநாட்டு ஆட்கள் பார்க்க வரும் நாளில்
ஆளுக்கொரு முகமூடி உண்டு.
கார் கேட்டைத் தாண்டியதும்
சூப்பர்வைசர் கிட்டுசாமி அண்ணன்
அட்டைப்பெட்டியை நீட்டிக்கொண்டு வருவார்.
எண்ணி வாங்குவார்.

வியாழக்கிழமை வெள்ளை ஏறியது.
மூன்று நான்கு வயசுப் பிள்ளைகள் சைஸ்.
காலையிலிருந்து இடது பக்கம் குறுகுறுப்பு.
விரலை விட்டேன்.
நகம் பட்டது.
பொருக்கு வந்தது, கூடவே
ஒரு சொட்டு.
இத்தனை பெரிய கம்பெனியில்
அது விழுவதற்குக் கிடைத்த இடம்
ஒரு சட்டையின் நெஞ்சு,
யானைப் படத்துக்கு அரை இஞ்ச் கீழே.

செக்கிங்கில் பழனாத்தாள்
சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்தாள்.
"ஆரு தெச்சதுங் இது?"
என் மூக்கைப் பார்த்தாள்.
ஸ்டிக்கரைத் திரும்ப அட்டையிலேயே ஒட்டிவிட்டு
பச்சைத் தண்ணியில உடனே அலசு, போயிரும் என்றாள்.
போய்விட்டது.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா டார்ச் அடித்தார்.
"மொதல்ல விரல விடாதீங்க."
சீட்டில் வயசு முப்பத்தாறு என்றுதான் எழுதியிருந்தது.
காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்புக் கலந்து
சொட்டுச் சொட்டாக விடணுமாம்.
ஊறினால் தானாக இளகும்,
பிய்த்தால் புண்ணாகி மறுபடி பொருக்காகும்.
வேலையில் மூக்கை மூடிக் கட்டணும்.
"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

எவ்வளவு குடிக்கிறேன்.
பாத்ரூம் போக எங்கள் லைனுக்கு ஒரே டோக்கன்,
நாற்பத்திரண்டு பேர்.
அது யார் கழுத்தில் தொங்குகிறதென்று பார்த்துத்தான்
பாட்டிலைத் திறப்பேன்.
பாதி நாள் திறக்காமலே வீட்டுக்கு வரும்,
கொண்டுபோன எடையோடு.
"கம்மிதானுங்" என்றேன்.

ராத்திரி உப்புத் தண்ணீர் விட்டேன்.
கண் வரைக்கும் காந்தியது.
சாக்கடையோரம் குந்தியிருந்தேன்.
கொஞ்ச நேரத்தில் இளகி
நூலாக, நீளமாக,
திங்கட்கிழமை இறங்கியது. பிறகு செவ்வாய்.
அதற்கும் பிறகு
மூக்குக்குள் வந்தது
எதிர்வீட்டு அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கும் வாசம்.
"அக்கா, பருப்பு!" என்று கத்தினேன்.
அந்த வீட்டில் என்ன சமையலென்று
எத்தனை மாசமாகத் தெரியாமல் இருந்தேனோ.

அடுத்த முறை கார் வந்துபோன பின்
கிட்டுசாமி அண்ணனுக்கு ஒரு முகமூடி குறைந்தது.
இரண்டு தரம் எண்ணினார்.
அதைத் தினம் துவைத்துக் கொடியில் போடுகிறேன்,
காய்ந்ததும் எடுத்து உதறுகிறேன்.
டோக்கனை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

யானைச் சட்டை கப்பலேறிவிட்டது.
எந்த ஊரோ, எந்தப் பிள்ளையோ.
அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும்,
ஒரு விரல் மூக்குக்குள் இருக்கும்.
அவன் அம்மா பார்த்துக்
கையைத் தட்டிவிடட்டும்.