அரைப்பேர்

பொகவந்தலாவை டவுனில், பேக்கரிக்கு மேல்மாடி.
சேவையகம் என்று நாங்கள் மரியாதையாகச் சொல்வது
மூடி கழன்ற ஒரு பழைய கம்பியூட்டரை.
கீழே பாண் வேகும் சூட்டில்
அதற்கும் குளிராது, எனக்கும் குளிராது.

தோட்டத்துக் கணக்கெல்லாம் இனி பிரவுசரில் திறக்கும்,
மென்பொருள் இலவசம், மூலம் திறந்தது என்றேன்.
பெரிய கிளாக்கர் அந்தோனிமுத்து
கதிரையில் ஒருச்சாய்ந்து உட்கார்ந்தபடி
"மூலம் திறந்தா வைத்தியமல்லவா பார்க்கணும்" என்றார்.
சிரித்தோம்.
அவருக்கு உண்மையிலேயே வலி.

கடலுக்கு அப்பால் யாரோ ஒருவர்,
பெயர் தெரியும், முகம் தெரியாது,
எழுதி வைத்த வருகை அட்டவணையில்
மனிதருக்கு இரண்டே நிலை:
வந்தார். வரவில்லை.
ஒன்று. சைபர்.

எங்களிடம் மூன்றாவது ஒன்று இருக்கிறது.
விடியப் பிரட்டுக்குப் போய்
ஏழாம் நம்பர் மலையில் பொழுதுக்கும் நின்று
நிறை குறைந்தால்
அரைப்பேர்.
முழுசாக வந்த உடம்புக்குப் பாதிப் பெயர்.
இதை எந்தத் தரவு வகையில் வைப்பது?
ஆம் இல்லை என்றிருந்த கட்டத்தை அழித்துத்
தசமம் ஆக்கினேன்.
0.5
பிழை ஏதுமில்லை என்றது திரை.

மடுவத்தில் நிறை பதிபவள் யோகலோசினி.
ஒரு மத்தியானம் படியேறி வந்தாள்,
விரல்களில் கார்பன் நீலம்.
"தராசு பத்தொம்பது காட்டுது.
போன்ல பதினேழுன்னு ஏறுது.
நடுவுல ரெண்டு கிலோவ யாரு திங்கிறா?"

தேடினேன். நூற்றுப் பன்னிரண்டாம் வரி:
நிகரம் சமன் மொத்தம் கழித்தல் இரண்டு.
எனக்கு முன் இங்கே வேலை பார்த்தவன் எழுதியது.
பக்கத்திலேயே அவன் குறிப்பு:
கூடை, ஈரம், வழமை.
மழை பெய்ததா என்று கேட்கும் நிபந்தனை
எந்த வரியிலும் இல்லை.
பங்குனி வெயிலிலும் கொழுந்து நனைந்திருக்கிறது.

பூட்டிய மென்பொருளாக இருந்தால்
"சிஸ்டம் அப்படித்தான்" என்று கையை விரித்திருப்பேன்.
சிஸ்டம் என்றால் மேலிடம், மேகம்,
சிவனொளிபாதத்துக்கும் அந்தப்பக்கம்.
இதுவோ வெட்கமில்லாமல் திறந்து கிடக்கிறது.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
இங்கிலீஷ் அரைகுறைதான்.
கழித்தல் குறி நன்றாகவே தெரிந்தது.

இரண்டை எடுத்துவிட எனக்கு அதிகாரமில்லை.
வரியிலிருந்து பிடுங்கி வெளியே வைக்கலாம்.
கழிவு, காரணம், போட்டவர்:
மூன்று கட்டங்கள்.
மூன்றும் நிரம்பாமல் சேமிக்காது.
சம்பளத் துண்டிலும் அச்சாகும்.

துரை போன் எடுத்தார்.
"அந்தக் கட்டங்களை மறைக்க ஏலாதா?"
ஏலும், ஒரு சொல் போதும்.
ஆனால் உரிமத்தில் ஒரு பந்தி இருக்கிறது:
நாம் மாற்றிய நிரலை
வலை வழியே பாவிக்கிற எவருக்கும்
திறந்து வைக்க வேண்டும்.
மறைத்தால் மறைத்ததும் தெரியும்.
"எவரும் என்றால்?"
"மடுவத்தில் போன் வைத்திருக்கிற எவரும், சேர்."
கொஞ்ச நேரம் லைனில் காற்று மட்டும்.
கீழே தட்டிலிருந்து பாண் தட்டிக் கொட்டும் சத்தம்.

பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில்
ஓர் இணைப்புப் போட்டேன்: மூலநிரல்.
யார் அழுத்தப்போகிறார்கள்?
ஞாயிறு இரவு ஒன்பது நாற்பதுக்கு
மேல்கணக்கு லயத்துப் பக்கமிருந்து
யாரோ இறக்கியிருக்கிறார்கள்.
பாதியில் சிக்னல் போயிருக்கிறது.
மறுபடி, மறுபடியும் பாதி.
நாலாம் முறை முழுசாக.

திங்கள் பின்னேரம் முதல் பதிவு வந்தது.
கழிவு: 2
காரணம்: மழை
ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
எதிர்மலையில் ஒவ்வொரு செடியும் எண்ணலாம்போல வெயில்.
போட்டவர் என்ற இடத்தில்
ஒரு புள்ளி.
வெறும் புள்ளி.
கட்டாயக் கட்டத்தை இப்படி ஏய்க்கலாம் என்று
நான் யோசிக்கவேயில்லை.

ஒரு பிளேன்டி ஊற்றிக்கொண்டு
புள்ளியைப் பெயராக ஏற்காத வரியை
எழுத உட்கார்ந்தேன்.