அடாப்டர் இல்லாத பெட்டி

அதிகாலை நாலரை. பிதோம் சந்தையில்
சூரியனுக்கு முன்பே டார்ச்சுகள் உதித்துவிடுகின்றன.
உறைபனி மேல் விரித்த தார்ப்பாய்களில்
சுத்தியல், காது உடைந்த கோப்பைகள்,
யாருடையதோ பல்செட்டு.
என் கோட்டுப் பையில் அறுபது ஸ்வோட்டி.
பதினைந்து, பஸ்ஸுக்கும் ரொட்டிக்கும்.
மீதி நாற்பத்தைந்தோடு
பத்து வயதில் கிடைக்காத ஒன்றை
முப்பத்தொன்பதில் வாங்க வந்திருக்கிறேன்.

புதுசு வாங்கலாம்தான். அது என் ஒரு மாத வாடகை.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
எத்தனை போர்வை மடித்தால் ஒரு கன்சோல் என்று
ஒருநாள் கணக்குப் போட்டேன்.
எங்கள் ஆஸ்பத்திரியில் அத்தனை படுக்கை இல்லை.

மலிவுக்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.
பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டு;
உள்ளே ஏதாவது உருண்டால் கீழே வை.
திருகாணித் தலை தேய்ந்திருந்தால்
எவனோ ஏற்கெனவே வைத்தியம் பார்த்திருக்கிறான்.
மஞ்சள் பூத்த பிளாஸ்டிக்கைக் கண்டால் முகத்தைச் சுளி,
மனசுக்குள் சிரி. அழுக்குக்குத்தான் தள்ளுபடி.
எது வேண்டுமோ அதைக் கடைசியில் கேள்.
முதலில் பல்செட்டுக்கு விலை கேள்.

நானும் கேட்டேன். இருபதாம்!

பிறகு, வாழைப்பழ அட்டைப்பெட்டிக்குள்
இஸ்திரிப்பெட்டிக்கு அடியில்
ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த பெகாசஸ்.
நகலுக்கு நகல் அது.
எங்கள் குடியிருப்பில் அதுதான் அசல்.
மூன்றாம் மாடி ரொக்ஸானா வீட்டில் மட்டும் இருந்தது.
படிக்கட்டு வரை வரிசை, ஆளுக்கு ஒரு உயிர்.
என் உயிர் முதல் பள்ளத்தைத் தாண்டியதே இல்லை.

கூடவே ஒரு மஞ்சள் கார்ட்ரிட்ஜ்.
நூற்று அறுபத்தெட்டு விளையாட்டு என்று முகப்பில்.
எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏழு.
மிச்சமெல்லாம் அதே ஏழு, பெயரை மாற்றிக்கொண்டு.

"ஐம்பது" என்றாள் ஸெனோபியா.
"அடாப்டர் எங்கே?"
"வரும்போதே இல்லை."
"வேலை செய்யுமா?"
"செய்யாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை."
முப்பதுக்குப் படிந்தது.

ஒன்பது வோல்ட்டைத் தேடி
நாற்பது கடை ஏறி இறங்கினேன்.
விரல்கள் மரத்துப்போயின.
கடைசி வரிசையில், ஒயர்ச் சிக்கல் ஒன்றை
மாலையாகத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர்.
கயேதான். சுரங்கத்தில் லிஃப்ட் இயக்குபவராம்.
எல்லாமாகச் சேர்த்து ஐந்து ஸ்வோட்டிக்கு அள்ளியிருந்தார்.
நடுவில் தொங்கிய கறுப்புக் கட்டியில்
பழைய பிளாஸ்திரி, அதில் பேனா எழுத்து: பெகாசஸ்.

அவர் என் கக்கத்தைப் பார்த்தார்.
நான் அவர் தோளைப் பார்த்தேன்.

"அறுபது தருகிறேன், பெட்டியைக் கொடுங்கள்."
இரட்டிப்பு. ஒரு வார ரொட்டி.
வாயில் வந்தது "சரி"தான்;
வெளியே போனது
"பதினைந்து தருகிறேன், ஒயரைக் கொடுங்கள்."
இருவரும் விற்கவில்லை.
இருவரும் நகரவும் இல்லை.

பழைய டிவிக்காரன் ஒருவன்
ஜெனரேட்டரோடு அலறிக்கொண்டிருந்தான்.
"ஓடுகிறது என்று காட்டினால்
எனக்கும் வியாபாரம்" என்று ப்ளக்கை நீட்டினான்.
கார்ட்ரிட்ஜின் வாயில் கயேதான் ஊதினார்.
அதனால் பயனில்லை என்று எங்கோ படித்திருக்கிறேன்.
நானும் ஒருமுறை ஊதினேன்.

திரையில் புள்ளி மழை.
மறுபடி எடுத்து, மறுபடி சொருகி,
பக்கவாட்டில் ஒரு தட்டு.
நீலம்.
நூற்று அறுபத்தெட்டு பொய்களின் பட்டியல்
இரைச்சலான இசையோடு ஏறி வந்தது.

ஒரே ஒரு கன்ட்ரோலர்.
கயேதான் முதல் பள்ளத்திலேயே விழுந்தார்.
கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்து,
"குளிர்" என்றார், விரல்கள்மேல் பழி போட்டு.

அதற்குள் பூட்ஸ் விற்பவன் வந்து குந்திவிட்டான்.
பின்னால் இரண்டு பையன்கள்.
அவர்களுக்குப் பின்னால், கடையை அப்படியே போட்டுவிட்டு,
ஐம்பதை விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது என்று
முணுமுணுத்தபடி ஸெனோபியா.

பெட்டி யார் வீட்டுக்கு என்று
நாங்கள் இன்னும் பேசவில்லை.
ஆளுக்கு ஒரு உயிர்.
முப்பது ஸ்வோட்டி கொடுத்து வாங்கிய பெட்டிக்கு
வரிசையில் நான் ஐந்தாவது.