சேதாரம்

மேசைக்கு வந்ததும் முதலில் எடை.
இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளி நாலு பூச்சியம்.
டீட்மார் கொலெட் இரண்டு தரம் வாசித்தார்.
நான் ஒரு தரம் எழுதினேன்.

இடார்-ஓபர்ஸ்டைனில் கல் அறுக்காத தெரு குறைவு.
நடுவூரில் ஓடிய ஆற்றை மூடி
மேலே ரோடு போட்டவர்கள் இவர்கள்;
ஒரு கல்லுக்கா அஞ்சுவார்கள்?
ஆனால் அன்றைக்கு டீட்மாருக்குக் கை வியர்த்தது.
கிராம் நானூறு யூரோ என்றார்.

என் தகப்பன் பெயர் சிவஞானரத்தினம்.
அவர் வாய்க்கு அது நீளம்.
சிவா என்று முன்துண்டை வைத்துக்கொண்டு
மிச்சத்தை என்றோ விட்டுவிட்டார்.
ரத்தினம் விற்கும் ஊரில்
ரத்தினம்தான் முதல் சேதாரம்.

சகாராவில் யாரோ குனிந்து பொறுக்கியது.
மேல்தோல் கறுப்பு, அடிப்பிடித்த சட்டி மாதிரி.
எந்த உலகத்து எரிமலை துப்பியதென்று
யாருக்கும் தெரியாதாம்.
அந்த உலகமே இப்போது இல்லையாம்.
"உன்னைப் போலத்தான், தூரத்திலிருந்து வந்தது" என்றார்.
நான் ஹம்பூர்க்கிலிருந்து ரயிலில் வந்தவள்.
சொல்லவில்லை. கம்பியை இறுக்கினேன்.

எரிமலைக் குழம்பு என்று யார் பெயர் வைத்தார்களோ,
பசி தெரிந்த ஆள்.
ஒரே ஒரு தரம் கொதித்து
நானூற்று ஐம்பத்தாறு கோடி வருடம் ஆறிய குழம்பு.
பழங்குழம்புக்கு ருசி அதிகம் என்பது
இந்த விலையைப் பார்த்தால் உண்மைதான்.

தண்ணீர் படக்கூடாது, துரு ஏறும்.
ஸ்பிரிட் மட்டும், சொட்டுச் சொட்டாக.
தலைமயிர் தடிப்பில் வைரக் கம்பி
போகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் போகிறது.
மத்தியானம் பாண் சாப்பிடக்கூட எழும்பவில்லை.
நாலாவது வெட்டில் சத்தம் மாறியது.
மெலிந்தது. பிறகு
ஒன்றையும் அறுக்காத ஒரு சத்தம்.

நிறுத்திப் பிரித்தேன்.
சாம்பல் பச்சைக் கல்லின் நடுவில்
பட்டாணி அளவில் ஒரு குமிழி.
இந்தத் துண்டில் பாதி, அந்தத் துண்டில் பாதி.
உள்சுவர் பளபளவென்று
நேற்றுத்தான் ஊதிவிட்டது போல.
பூமிக்கு ஆள் வருவதற்கு முன்
பூமியே ஒழுங்காக உருள்வதற்கு முன்
மூடிய கதவு,
வியாழக்கிழமை இரண்டேகாலுக்கு என் கையில் திறந்தது.

மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன்.
ஸ்பிரிட் மணத்தது.
வேறொன்றும் இல்லை.

சாயந்தரம் கணக்கு.
துண்டுகள் நூற்றுத் தொண்ணூற்று நாலு புள்ளி ஏழு இரண்டு.
தட்டில் வழித்த தூள், உலர்த்தியபின், பதினேழு புள்ளி மூன்று ஆறு.
தூளும் விற்கும்; சின்னக் குப்பிகள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்.
கூட்டினார். இன்னொரு தரம் கூட்டினார்.
புள்ளி மூன்று இரண்டு குறைகிறது.
நூற்றிருபத்தெட்டு யூரோ.
என் ஒரு நாள் கூலி அதைவிடக் கொஞ்சம் கீழே.

நகைக்கடை என்றால் சிரித்துக்கொண்டே
சேதாரம் என்று நம் தலையில் கட்டுவார்கள்.
இங்கே அந்தச் சொல் இல்லை.
இங்கே ஏப்ரனின் பையை வெளியே இழுத்துக் காட்டினேன்.
கையுறையைக் கழற்றி உதறினேன்.
தூரிகையைத் தட்டினேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அதுதான் மரியாதை என்று நினைத்தாரோ என்னவோ.

"குமிழிக்குள் இருந்ததுக்கும் காசு கொடுத்தீர்களா?"
"அதற்குள் ஒன்றும் இருக்கவில்லை."
"அப்போ அதைத்தான் தொலைத்திருப்பேன்."

அந்நேரம் பார்த்துத் தும்மல்.
முகமூடி எப்போது நழுவியதோ தெரியாது.
கைக்குட்டையை விரித்தால் நடுவில்
ஒரு சாம்பல் கோடு.
மேசையில் வைத்தேன்.
இதையும் நிறுங்கள்.

அவர் கை வந்தது.
உண்மையாகவே வந்தது, இடுக்கியோடு.
பாதி வழியில் நின்று
மூக்குக்கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டது.

வீட்டுக்கு ஆற்றின் மேல்தான் போகவேண்டும்.
தார் ரோட்டுக்குக் கீழே அது ஓடுகிறது என்கிறார்கள்,
நான் கேட்டதில்லை.
சிவப்பு விளக்கில் நின்றபோது
தொண்டைக்குள் ஏதோ அறுத்தது,
விழுங்கினேன்.