அந்தரம்

சியாத்தூராவுக்குள் வேன் திரும்பும்போதே
தேக்லாவிடம் சொல்லிவிட்டேன்:
ஆற்றைப் பார், கன்னங்கரேல் என்று ஓடும்.
அவள் ஜன்னலில் நெற்றியை ஒட்டிப் பார்த்தாள்.
சாம்பல் நிறம் என்றாள்.
இருட்டினால் கறுக்கும் என்றேன்.
இருட்டினால் எல்லாமும்தான்
என்றாள்.
பத்தூமிக்காரி. கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு
எந்த ஆறும் அரைகுறை.

மாங்கனீசு ஊர்.
வெளுத்த துணி கொடியிலேயே மறுபடி அழுக்காகும்.
வீடுகள் குன்றின் மேல், சந்தை பள்ளத்தில்,
நடுவே இரும்புக் கயிற்றில் ஊர்ந்த தகரப் பெட்டிகள்.
பள்ளிக்கூடம் போனதும்
பல் பிடுங்கப் போனதும்
அந்தரத்தில்தான்.

பதினோரு வருடமாக அவளுக்கு நான் சொல்லிவரும் கதை ஒன்றுண்டு.
தொண்ணூற்று இரண்டு, டிசம்பர்.
மின்சாரம் போயிற்று.
நாடே நின்றிருந்த காலம், எங்கள் பெட்டியும்
ஆற்றுக்கு நேர் மேலே நின்றது.
நான்கு மணி நேரம். ஏழு பேர்.
யார் யாரோ அழுதார்கள், ஒருவர் கதவை உதைத்தார்,
பதினொரு வயது நான் எழுந்து நின்று
பாடினேன்.
பெட்டி அடங்கியது.

கல்யாண விருந்தில் இதைச் சொன்னேன்,
மாமனார் எனக்காக ஒரு கொம்பு நிறைய ஒயின் குடித்தார்.
வேலை போன வருடம் சொன்னேன்,
அவளுக்கல்ல, எனக்கே தெம்பு வரட்டுமென்று.
சொல்லச் சொல்ல
பாட்டு ஒவ்வோர் அடியாக நீண்டது.

நாங்கள் குடியிருந்த வீடு அப்படியேதான் இருக்கிறது.
பால்கனியை யாரோ பச்சைத் தகரத்தால் அடைத்திருக்கிறார்கள்.
உள்ளே துணி துவைக்கும் இயந்திரம் தடதடத்தது.
எனக்குள் ஏதாவது நெகிழும் என்று காத்து நின்றேன்.
என்னைத் தனியே விடுவதற்காக
தேக்லா நாகரிகமாகத் திரும்பி நின்றாள்.
நான் குனிந்தேன்.
என்ன, அழுகிறாயா என்றாள்.
இல்லை, ஷூவுக்குள் கல்.

சந்தை வாசலில் டயர் கடையிலிருந்து ஒரு குரல்:
ஸாஸா!
கோச்சா. முடி மொத்தமும் போய்விட்டது,
குரல் மட்டும் பத்திரமாக இருந்தது.
ஒரு டயரைத் தட்டி தேக்லாவை உட்காரச் சொன்னான்,
திராட்சைச் சாராயம் ஊற்றினான்.
அவள்தான் கேட்டாள்,
அந்தப் பெட்டியில் நீங்களும் இருந்தீர்களா?

இருந்தேனாவா!
அக்கா மக்வாலா பாடியிருக்காவிட்டால்
செத்திருப்போம் அன்றைக்கு.
இவன் பெஞ்சுக்கு அடியில்.
எங்கள் அம்மாவின் உருளைக்கிழங்கு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.
இறக்கிப் பார்த்தால் மூட்டை நனைந்திருக்கிறது!
விடுவோமா, கழுவி வேகவைத்துத் தின்றோம்.
அந்தக் குளிர்காலத்தில்
யார் பார்த்தது அதையெல்லாம்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்,
கொஞ்சம் பிந்தி.

மக்வாலா இப்போது எங்கே என்று கேட்டாள் தேக்லா.
இத்தாலியில். யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டுகிறாள்.
பாடுவாரா இன்னும்?
கோச்சா குவளையைப் பார்த்தான்.
கேட்டதில்லை என்றான்.

சத்தியமாகச் சொல்கிறேன்,
என் தொண்டைக்கு அந்தப் பாட்டு ஞாபகமிருக்கிறது.
மூச்சு ஆவியாக முன்னே போனது கூட.
பெஞ்சுக்கு அடியில் கிடப்பவனுக்கு
மேலே யாரோ பாடுவது
பலகை வழியாக இறங்கி
சொந்த விலா எலும்பில் கேட்டிருக்கலாம்.
இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் அங்கே இல்லை.
சந்தைக்குள் போய்
இரண்டு கிலோ உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தாள்.

பத்தூமியில் கிடைக்காததா என்றேன்.
பதில் இல்லை.

புதுப் பெட்டிகள் இப்போது. சுற்றிலும் கண்ணாடி,
கதவு தானாக மூடிக்கொள்கிறது.
நட்டநடுவில் காற்றுக்கு ஒருமுறை ஆடியது.
தேக்லா பையைத் தூக்கி
என் மடியில் வைத்தாள்.
பிடித்துக்கொள் என்றாள்,
முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

பிடித்துக்கொண்டேன்.
கீழே ஆறு.
சாம்பல் நிறம்தான்.